வளைகுடாவுக்குப் போகும் உடம்பு

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர் வீட்டில் பாஸ்போர்ட், விசா, ஏஜென்ட், டிக்கெட் என்று மாதக்கணக்கில் பேச்சு ஓடும். உடம்பைப் பற்றிய பேச்சு மட்டும் ஒரே கேள்வியில் முடிந்துவிடும்: “மெடிக்கல் பாஸ் ஆயிடுச்சா?” ஆகிவிட்டது என்றால் எல்லோரும் பெருமூச்சு விட்டுப் பெட்டி கட்டத் தொடங்குவார்கள். அந்த மெடிக்கல் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதை அறிந்துகொண்டால், பெட்டி கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இன்னும் நிறைய இருப்பது தெரியும்.

சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய வளைகுடாக் கூட்டமைப்பு நாடுகள் பொதுவாக வைத்திருக்கும் முறை இது. முன்பு ‘காம்கா மெடிக்கல்’ என்பார்கள். இப்போது ‘வாஃபித்’ என்ற இணையதளத்தில் பதிவு செய்து, அங்கீகாரம் பெற்ற மையத்துக்குப் போக வேண்டும். நாட்டுக்கு நாடு நடைமுறை சற்று மாறினாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். மார்பு எக்ஸ்ரே, எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா, யானைக்கால் கிருமி, மலம், சிறுநீர், பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். ஆனால் பட்டியலின் முதல் நோக்கம் தொற்றுநோய் எல்லை தாண்டி வராமல் தடுப்பது. முடிவும் ‘ஃபிட்’, ‘அன்ஃபிட்’ என்ற இரண்டில் ஒன்றுதான். போகிறவர் அங்கே நோயில்லாமல் வாழ என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது அந்தக் காகிதத்தின் வேலை இல்லை.

எக்ஸ்ரேயில் தெரியும் பழைய தழும்பு

அன்ஃபிட் ஆகித் திரும்புகிறவர்களில் பலருக்குக் காரணம் நுரையீரல்தான். அவர்களில் பலர் இருமல், சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் நன்றாக நடமாடுகிறவர்கள். “எனக்கு ஒன்றுமே இல்லையே” என்று அவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

காசநோய்க் கிருமி உள்ளே போனவுடன் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. உலக மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேரின் உடலில் இந்தக் கிருமி தங்கியிருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். மற்றவர்களுக்கு நோய் எதிர்ப்புச் செல்கள் கிருமியைச் சூழ்ந்து ஒரு சிறு முடிச்சுக்குள் அடைத்துவிடுகின்றன. நாளடைவில் அந்த முடிச்சில் கால்சியம் படியும். கால்சியம் எக்ஸ் கதிரைத் தடுக்கும் என்பதால் படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சிறு வயதில் வந்து, வந்ததே தெரியாமல் ஆறிப்போன நோயின் தடம் கூட முப்பது வயதில் எடுத்த படத்தில் தெரியலாம்.

மருத்துவர் பார்வையில் அது ஆறிய தழும்பு. வளைகுடா விதியின் பார்வையில் அது பழைய காசநோயின் அடையாளம்; நார்த்தழும்போ கால்சியப் புள்ளியோ தெரிந்தாலே பெரும்பாலும் தகுதியில்லை என்றுதான் முடிவு வரும். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று சான்றிதழ் காட்டினாலும் அது மாறுவது அரிது. அங்கே போய் இறங்கிய பிறகு, குடியிருப்பு அனுமதிக்கு முன் மறுபடியும் சோதனை உண்டு. இங்கே எப்படியோ தப்பியவர் அங்கே மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவார்.

ஆகவே, ஏஜென்டிடம் பணம் கட்டும் முன்பே, நகையை அடகு வைக்கும் முன்பே, உள்ளூரில் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. செலவு சில நூறு ரூபாய். தவிர்ப்பது லட்சக்கணக்கான கடன். படத்தில் உயிருள்ள நோய் தெரிந்தால் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். வழக்கமான வகைக்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும். வேலை போனாலும் உயிரும் வீட்டாரும் காப்பாற்றப்படுவார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள பெண்கள் எக்ஸ்ரே அறைக்குள் நுழையும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாளில் எடுத்த ரத்தம்

ரத்தச் சோதனைகளுக்கும் ஒரு எல்லை உண்டு. அவை அன்றைய நாளின் நிலையைத்தான் சொல்லும். எச்ஐவி தொற்றிய பிறகு ஆய்வகச் சோதனையில் தெரிய சில வாரங்கள் ஆகும். நம் நாட்டு யானைக்கால் கிருமியின் குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் பதுங்கி, நள்ளிரவை ஒட்டித்தான் வெளிப்புற ரத்தத்துக்கு வரும். பகலில் விரல் நுனியில் எடுத்த ரத்தத்தில் அவை சிக்காமல் போகலாம். சர்க்கரையும் அப்படியே. சோதனைக்கு முன் இரண்டு நாள் சோற்றைக் குறைத்துக்கொண்டால் அன்றைய அளவு ஓரளவு இறங்கும். ஆனால் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அந்த நாட்களில் அதில் ஒட்டிய சர்க்கரையைக் கணக்கிடும் எச்பிஏ1சி சோதனையை இரண்டு நாள் பட்டினியால் ஏமாற்ற முடியாது. நாற்பதைத் தொட்டவர்கள், குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோர் இதைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தத் தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்குப் போடப்படத் தொடங்கியது 2011-இல்தான். இன்று வேலைக்குப் போகும் வயதில் உள்ள பெரும்பாலோர் அதைப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். செவிலியர், ஆய்வக வேலை என்று போகிறவர்களுக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் தடுப்பூசியில் இருப்பதே அந்த வைரஸின் மேலுறைப் புரதம். மெடிக்கலில் தேடுவதும் அதே புரதத்தைத்தான். ஊசி போட்ட சில நாட்களுக்கு, 18 நாள் வரை கூட, அந்தப் புரதம் ரத்தத்தில் மிதந்து ‘பாசிட்டிவ்’ காட்டக்கூடும். நோயே இல்லாதவர் நோயாளி என்று முத்திரை பெற்றுவிடலாம். எனவே மெடிக்கல் முடிந்த பிறகு ஊசி போடுங்கள். அல்லது ஊசிக்குப் பின் ஒரு மாதம் விட்டு மெடிக்கலுக்குப் போங்கள். மூன்று ஊசிகள் 0, 1, 6 மாதக் கணக்கில் போடப்படுவதால், இதைக் கடைசி வாரத்தில் யோசிப்பதில் பயனில்லை.

வெயிலில் வளர்ந்தவனுக்கு வெயில் சுடாதா?

மெடிக்கல் காகிதத்தில் இடமே இல்லாத ஆபத்து வெப்பம். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று பதிவான 53.9 டிகிரி செல்சியஸை உலக வானிலை அமைப்பு ஆராய்ந்து உறுதி செய்திருக்கிறது. “வேலூர் வெயிலையும் திருத்தணி வெயிலையும் பார்த்தவனுக்கு இதெல்லாம் என்ன?” என்பது நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். உடலியல் இதை ஒப்புக்கொள்வதில்லை.

தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் வரை உடம்பின் சூடு தானாக வெளியேறும். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் சூடு உள்ளே ஏறும். அப்போது உடம்புக்கு மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, தோலின் மேல் வியர்வை ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ‘ஆவியானால்’ என்ற நிபந்தனை முக்கியம். கோடையில் வளைகுடாக் கடலின் மேற்பரப்பே 32 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். துபாய், தோஹா போன்ற கரையோர ஊர்களில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாகாமல் சொட்டும். உடம்பு தண்ணீரையும் உப்பையும் இழக்கும், ஆனால் குளிராது.

வெப்பத்துக்குப் பழகுவது உடம்பால் முடியும். அதற்கு 7 முதல் 14 நாள் தேவை. தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் உழைக்க உழைக்க, ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதே வேலைக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கிறது. வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கிறது. அதில் உப்பு குறைகிறது. ஆனால் இது வங்கியில் போட்ட பணம் மாதிரி நிரந்தரமாக இருப்பதில்லை. வெயிலை விட்டு விலகி ஒரு வாரம் ஆனாலே குறையத் தொடங்கும், ஒரு மாதத்தில் பெரும்பாலும் கரைந்துபோகும். பிறந்து வளர்ந்த ஊர் எது என்பது இதில் கணக்கில்லை, போன இரண்டு வாரம் எப்படிக் கழிந்தது என்பதே கணக்கு. இரண்டு மாத லீவில் வந்து, வீட்டில் மின்விசிறிக்கு அடியில் இருந்துவிட்டு ஜூலையில் திரும்புகிறவர், பத்து வருட அனுபவம் உள்ளவராக இருந்தாலும், உடம்பளவில் புதியவர்தான்.

வெப்பத்தால் வேலையிடத்தில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் நாளிலேயே இறக்கிறார்கள், 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள் இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்கிறது. புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாள் 20 சதவீத நேரம் மட்டும் வெயிலில் விட்டு, பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்ட வேண்டும் என்ற வழிகாட்டுதல் இதனால்தான் வந்தது. முதல் நாளே ‘நான் திடமானவன்’ என்று ஃபோர்மேனிடம் நிரூபிக்க நினைப்பது உயிரோடு விளையாடுவது.

கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தக் காலத்தில் இதய நோயால் இறந்ததாகப் பதிவானவர்கள் 571 பேர். அவர்களில் 200 பேர் வரை தகுந்த வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று அது கணக்கிட்டது. ‘தூக்கத்தில் மாரடைப்பு’ என்று ஊருக்கு வரும் செய்திகளுக்குப் பின்னால் பகலில் ஏறிய சூடும் இருக்கக்கூடும்.

சட்டம் ஓரளவு துணைக்கு வருகிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது. சவுதியில் இதே தேதிகளில் 12 முதல் 3 வரை தடை. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை தடை இருக்கிறது. அதோடு ஈரம், வெயில், காற்றின் சூடு மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். இந்த விதிகளைத் தெரிந்துகொண்டு போவது தொழிலாளியின் உரிமை.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். கடும் வெயிலில் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் போதும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். நீண்ட நேர வேலையில் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் உதவும். கூட வேலை செய்பவர் உளறினாலோ தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும் வரை நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம்.

வலி மாத்திரையும் சிறுநீரகமும்

நாளெல்லாம் வியர்த்து, போதிய தண்ணீர் இல்லாமல் உழைத்தால் அதன் சுமை சிறுநீரகத்தின் மேல் விழும். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாய்கள் சுருங்கப் பார்க்கும். புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து அவற்றைத் திறந்து வைத்திருக்கும். இடுப்பு வலிக்கும் முட்டி வலிக்கும் நாம் போடுகிற டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் வலியைக் குறைப்பது அந்தச் சுரப்பைத் தடுத்துத்தான். ஆக, உடம்பு வறண்டிருக்கும் வேளையில் போட்ட மாத்திரை வலியோடு சேர்த்துச் சிறுநீரகத்தின் பாதுகாப்பையும் எடுத்துவிடுகிறது. சிறுநீரைக் கூட்டும் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஊரிலிருந்து அட்டை அட்டையாக வலி மாத்திரை வாங்கிப் பெட்டியில் போடுவது நல்ல பழக்கம் இல்லை.

சிறுநீரகச் சேதம் வலிக்காது. வேலைத்திறனில் சுமார் பாதி போகும் வரை கிரியாட்டினின் அளவு பெரிதாக ஏறாது. அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாமல், சிறுநீரில் ஆல்புமின் புரதம் கசிகிறதா என்ற சோதனையையும் போகும் முன் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு லீவிலும் ஒருமுறை செய்துகொள்ளலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது அவசியம்.

பெட்டியில் எது போகலாம்?

இங்கே மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது அங்கே போதைப்பொருள் பட்டியலில் இருக்கலாம். டிராமடால் வலி மாத்திரை, கோடின் கலந்த இருமல் மருந்து, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம், கால் எரிச்சலுக்குச் சர்க்கரை நோயாளிகள் பலர் சாப்பிடும் பிரிகாபலின் ஆகியவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே கைதாக நேரலாம். குருமாவில் அரைத்து விடும் கசகசாவும் அப்படித்தான். அது அபின் செடியின் விதை. விதைக்குள் போதை இல்லாவிட்டாலும், காயின் பால் மேலே ஒட்டியிருந்து மார்ஃபினும் கோடினும் சிறிதளவு தென்படும். அமீரகம், சவுதி, சிங்கப்பூர் ஆகியவை அதைத் தடை செய்திருக்கின்றன. “அம்மா கொடுத்துவிட்ட மசாலாப் பொடி” என்பது அங்கே செல்லாது.

தினமும் மருந்து சாப்பிடுகிறவர் அந்தந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் விதியைப் பார்த்து, தேவைப்பட்டால் இணையவழி அனுமதி வாங்கி, மருத்துவர் சீட்டோடு, மாத்திரையைக் கடை உறையிலேயே வைத்து, கைப்பையில் கொண்டுபோக வேண்டும். சீட்டில் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும். இங்கே கிளைகோமெட் என்று கேட்டு வாங்குகிற மாத்திரை அங்கே குளுக்கோஃபேஜ் என்ற பெயரில் இருக்கும், இரண்டும் மெட்ஃபார்மின்தான்.

இன்சுலின் போடுகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெளிநாடுகளில் பெரும்பாலும் 100 யூனிட். சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அங்கே வாங்கிய 100 யூனிட் மருந்தை இங்கிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை சரிந்து மயங்கி விழ இது போதும். குப்பியும் சிரிஞ்சும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். இன்சுலினைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக்கூடாது. உறைந்தால் அது கெட்டுவிடும்.

காப்பீடும் கால அட்டவணையும்

பத்தாம் வகுப்பு முடிக்காததால் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் தொழிலாளர்களுக்கு, ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற இந்திய அரசின் காப்பீடு கட்டாயம். பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். ஏஜென்ட் எடுத்துவிட்டேன் என்று சொன்னால் பாலிசி நகலைக் கேட்டு வாங்கி, ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே கம்பெனி தரும் மருத்துவக் காப்பீட்டில் பல் சிகிச்சை பெரும்பாலும் இருக்காது, அல்லது மிகக் குறைவாகவே இருக்கும். சொத்தைப் பல்லை இங்கேயே பார்த்துவிடுவது பணத்தையும் வலியையும் மிச்சப்படுத்தும்.

புறப்பட ஆறு மாதம் இருக்கும்போது மார்பு எக்ஸ்ரே, எச்பிஏ1சி, ரத்த அழுத்தம், சிறுநீர் ஆல்புமின், பல். மெடிக்கல் முடிந்ததும் ஹெபடைட்டிஸ் பி ஊசி. பத்து ஆண்டில் போடாதவர்களுக்கு டெட்டனஸ் ஊசி. கடைசி மாதத்தில் மருந்துச் சீட்டு, அனுமதி, பாலிசி நகல், ரத்த வகையும் ஒவ்வாமையும் எழுதிய ஒரு தாள். கோடையில் போகிறவர்கள் கடைசி இரண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம், தண்ணீர் குடித்துக்கொண்டு, காலை வெயிலில் வேலை செய்து பழகட்டும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

நம் ஊர் மருத்துவர்களும் ஒன்று செய்யலாம். சிகிச்சைக்கு வருகிறவர் வெளிநாடு போகிறவரா, லீவில் வந்தவரா என்று கேட்டு, மருந்து எழுதும் முன் அந்த நாட்டில் அதற்குத் தடை உண்டா என்று பார்த்துச் சொல்லலாம். போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: மெடிக்கல் அந்த நாட்டுக்காக நடக்கிறது. உங்களுக்காக நடக்க வேண்டிய பரிசோதனையை நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள், அதையும் ஏஜென்டிடம் முதல் தவணை கட்டும் முன்பே செய்துவிடுங்கள்.